எப்ப வருவீங்க?

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத்துப் பெரியவர்களே, தையற்கூடத்துத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் பொத்தான் அக்காவின் அருமை மகளே! வணக்கம் சொல்லக் கை உயர்கிறது. தலைதான் நிமிர மறுக்கிறது.

பொத்தான் தைக்கும் எந்திரத்தில் இருந்ததால் அவர் பொத்தான் அக்கா. நம் சங்கத்தின் துணைத்தலைவி. "வாயிலயும் ஒரு பொத்தான் தைச்சுக்கம்மா" என்பார் மேலாளர். "அதுக்குக் காஜா எடுக்கிற ஆள் இன்னும் பொறக்கல சார்" என்பார் அக்கா.

நம் இஸ்திரிக்காரர் சிறுநீரகக் கோளாறில் படுத்தபோது என்ன நடந்தது? செய்தி வந்த வேகத்தில் அவர் மேசைக்கு வேறு ஆள் போடப் பார்த்தது நிர்வாகம். தடுத்தது யார்? தன் சால்வையை எடுத்து அந்த மேசைமேல் விரித்தாரே, அவர்!

"என்னம்மா, மேசைக்குக் குளிருதா?"

"ஆமா சார், உங்க மனசுக்குப் பக்கத்துல இருக்குல்ல. ஆளு ஆஸ்பத்திரியில இருக்காரு. அவர் இடம் இங்கதான் இருக்கு."

அந்தச் சால்வையில் தொடங்கிய போராட்டம்தான், நோயில் விழுந்தவரின் வேலையைப் பறிக்கக் கூடாது என்ற ஒப்பந்தமாக முடிந்தது. இஸ்திரிக்காரர் குணமாகித் திரும்பினார். இதோ, கடைசி வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

பிறகு அக்காவுக்கே புற்றுநோய் வந்தது. விடுப்பில் போனார். அவர் நாற்காலியில் நாமும் ஒரு சால்வை போர்த்தினோம். நிர்வாகம் வாலாட்டவில்லை. ஆனால் அவர் பங்கு வேலையும் நம் தலையில் விழுந்தது. தற்காலிகமாக ஒரு ஆள் கொடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டோமா? கேட்கவில்லை! நமக்குள் முணுமுணுத்தோம். பழம் வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனோம். போன அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: "எப்ப வருவீங்க?"

பாசத்தில்தான் கேட்டோம் என்று நேற்றுவரை நானும் நம்பியிருந்தேன். நேற்று மகள் சொன்னார்: "மாமா, நீங்கள்லாம் கிளம்பினதும் அம்மா சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நடந்து பாப்பாங்க. 'என் வேலையும் சேந்து அவங்க முதுகு உடையுதுடி'ம்பாங்க. டாக்டர் இப்ப வேலைக்குப் போக வேணாம்னுதான் சொன்னாரு."

சிகிச்சை முடியுமுன்னே அக்கா வேலைக்கு வந்தார். நாம் கைதட்டினோம். ஐயோ, கைதட்டினோமே! ஊசியில் நூல் கோக்க முடியாமல் அவர் கை நடுங்கியதைப் பார்க்காதவர் இங்கே உண்டா? வீட்டுக்குப் போங்க என்று ஒரு வாய் சொன்னதா? எந்திரம் ஓடினால் சரி என்று குனிந்துகொண்டோம். சில வாரங்களில் படுத்தவர், எழவில்லை.

இன்னும் கொஞ்ச நாள் படுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. முதலாளியிடமிருந்து அவரைக் காக்க ஒப்பந்தம் இருந்தது. நம்மிடமிருந்து காக்க எதுவும் இல்லை. வெட்கமாக இருக்கிறது தோழர்களே!

மகளே, உன் அம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம். இனி ஒருவர் நோயில் படுத்தால், அவர் வேலைக்குத் தற்காலிக ஆள் வாங்காமல் இந்தச் சங்கம் ஓயாது. நோயாளியின் கட்டிலருகே நின்று அந்தக் கேள்வியை எவரும் கேட்க மாட்டோம்.

அக்கா, அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வார்த்தை. இன்று, கேட்க நீங்கள் இல்லாத இடத்தில் சொல்கிறேன்.

மெதுவா வாங்கக்கா.