லைன் நின்னு போச்சாம்

அதெல்லாம் வேண்டாம் சார், கதவு திறந்தே இருக்கட்டும். நான் ரகசியமா பேசறதுக்கு எதுவும் வெச்சுக்கல. எங்க பிரின்சிபால் வராந்தாவுல குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துட்டிருக்காரு பாருங்க, அவரு காதுலயும் கொஞ்சம் விழட்டும். உக்காருங்க, ஃபேன் போடறேன்.

ஆமா, நான்தான் கூட்டிட்டு வந்தேன். முப்பது பேரையும், வேலை நேரத்துல, காலேஜ் பஸ்ல ஏத்திக்கிட்டு. யாரும் தூண்டி விடல. டிரைவர் மேல எதுவும் எழுதிடாதீங்க, மேடம் சொன்னாங்க, வண்டியை எடுத்தாரு, அவ்ளோதான்.

படிச்சேன் சார், படிச்சேன். ரொம்ப அழகா டைப் பண்ணியிருக்கீங்க. நடந்ததுக்கு வருந்துகிறேன்னு நான் கையெழுத்துப் போடணும். திங்கக்கிழமை பிள்ளைங்க எல்லாம் திரும்பி வந்து அவங்கவங்க இடத்துல உக்காரணும். இல்லன்னா ஒருத்தருக்கும் பயிற்சிச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லன்னா இந்த வருஷம் பட்டம் கிடையாது. அப்படித்தானே? கையெழுத்துப் போட மாட்டேன். இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் பேச்சு முழுக்க இந்தம்மா எப்ப பேனா எடுப்பாங்கன்னு பாத்துட்டே இருப்பீங்க.

டீ சாப்பிடறீங்களா? வேண்டாமா? சரி.

நீங்க அந்தக் கம்பெனிக்கு ஆள் எடுக்கறவரு. நான் இந்தக் காலேஜ்ல எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்குடுக்கறவ, அதோட கடைசி வருஷப் பிள்ளைங்களை வேலைப் பயிற்சிக்கு அனுப்பற பொறுப்பும் என்னுது. அனுப்பறதுன்னா பார்சல் அனுப்பற மாதிரி, ஒட்டி விட்டுட்டு கையைத் தட்டிட்டுப் போறது இல்ல. பெத்தவங்க என்னைப் பாத்துதான் அனுப்பறாங்க, உங்க கேட்டைப் பாத்து இல்ல. ஒரு அப்பா, பெயின்டரு, சட்டையெல்லாம் பெயின்டோட வந்து நின்னு, மேடம், என் பையன் எங்க போறான்னு எனக்குப் புரியல, ஆனா நீங்க சொன்னா சரின்னாரு. அந்தச் சரிக்கு நான் பதில் சொல்லணும்ல?

இத்தனை வருஷமா உங்க கம்பெனி எங்ககிட்ட ஆறு பேருக்கு மேல கேட்டதே இல்ல. இந்த வருஷம் முப்பது பேர் அனுப்புங்கன்னீங்க. எனக்குத் தலைகால் புரியல சார், சந்தோஷத்துல. பிரின்சிபால் நோட்டீஸ் போர்டுல போட்டாரு. நாலு பிரிவுலயும் மாத்தி மாத்திக் கத்துக்குடுப்போம்னு சொன்னது நீங்கதான். ஸ்டோர்ல கொஞ்ச நாள், சர்க்யூட் போர்டு பொருத்தற இடத்துல கொஞ்ச நாள், டெஸ்டிங், அப்புறம் ரிப்பேர். இதே நாற்காலில உக்காந்துதான் சொன்னீங்க, இதே சிரிப்போட.

சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளைங்க இங்க வந்து என்கிட்ட சொல்லணும், அது நான் வெச்சிருக்கற வழக்கம். இந்த வாரம் என்னம்மா கத்துக்கிட்டேன்னு ஒவ்வொருத்தரா கேப்பேன். நல்ல இடத்துக்குப் போனவன் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான். மேடம், அந்த மெஷின்ல ஒண்ணு கண்டுபிடிச்சேன் மேடம்னு எதையாவது உளறுவான், பாதி தப்பா இருக்கும், ஆனா கண்ணு மின்னும். இவங்ககிட்ட கேட்டா, நானூறு மேடம்ங்கறான் ஒருத்தன். என்னடா நானூறுன்னா, ஒரு நாளைக்கு நானூறு போர்டு மேடம். அடுத்தவ, முந்நூத்தி எழுபது மேடம், கொஞ்சம் ஸ்லோன்னு சூப்பர்வைசர் திட்டறாருங்கறா. நான் என்ன கத்துக்கிட்டேன்னு கேக்கறேன், இவங்க எண்ணிக்கை சொல்றாங்க. அடுத்த சனிக்கிழமையும் அதேதான். டெஸ்டிங் எப்போன்னா, அது தெரியாது மேடம்.

இருங்க, வரேன். தொழிற்சாலைன்னா டார்கெட் இருக்கும், எனக்கும் தெரியும். நானும் காலேஜுக்குள்ளயே பொறந்து வளர்ந்தவ இல்ல.

உங்களுக்குத்தான் ரெண்டு தடவை போன் பண்ணினேன். மீட்டிங், மீட்டிங். சரி, நேர்லயே போயிடலாம்னு கிளம்பினேன். ஏன் சொல்லிட்டு வரலன்னு எழுதியிருக்கீங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி முன்கூட்டியே சொல்லிட்டு வந்தா சம்பந்தி மரியாதைதான் கிடைக்கும். ஏசி ரூம், பிஸ்கட்டு, நல்லா பேசற பிள்ளையா பாத்து ஒண்ணைக் கொண்டு வந்து முன்னாடி நிறுத்துவீங்க, அது மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்கும். போன வருஷமும் அதைத்தானே பாத்தேன்? இந்தத் தடவை சமையலறை வழியா வீட்டைப் பாக்கலாம்னு வந்தேன்.

உங்க செக்யூரிட்டி நல்ல மனுஷன். உள்ள கேட்டுட்டு விடறேன் மேடம்னாரு. கேளுங்க, அதுக்குள்ள ரெஸ்ட் ரூம் போயிட்டு வந்துடறேன்னு நான் உள்ள போயிட்டேன். சிரிப்பு வருதுல்ல? சிரிங்க.

பெண்கள் துணி மாத்தற அறைக்குள்ள போனேன். லாக்கர் வரிசையா இருக்கு. எங்க பிள்ளைங்க பேரை பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கீங்க. பேப்பருக்கு அடியில பழைய பேர் இருந்த இடம், பிளேடால சுரண்டினது. சரியாக்கூட சுரண்டல சார். ஒண்ணுல பாதிப் பேர் அப்படியே நிக்குது. இன்னொண்ணுல யாரோட பிள்ளையோ ஒட்டின பொம்மை ஸ்டிக்கர், முயல் மாதிரி ஒண்ணு, அதைச் சுரண்ட யாருக்கோ மனசு வரல போல.

துடைக்க வந்த அம்மாகிட்ட கேட்டேன். இவங்கெல்லாம் எங்கம்மான்னு. அவங்க வாசலைப் பாத்துட்டு, மெதுவா, போன மாசம் அனுப்பிட்டாங்க, காலேஜ்ல இருந்து பிள்ளைங்க வருதுன்னு சொன்னாங்கன்னாங்க. எங்க காலேஜ் பேரு சார் அது. என் பிள்ளைங்க.

இல்ல இல்ல, நான் அதைக் கேக்கல. ஆள்குறைப்பு உங்க நிர்வாக விஷயம், ஒத்துக்கறேன். நீங்க ஆளை எடுங்க, அனுப்புங்க, அதுக்குக் கேள்வி கேக்க வேற ஆள் இருக்காங்க. ஆனா பயிற்சின்னு என்கிட்ட வாங்கிட்டுப் போன பிள்ளைங்களை வெச்சு ஒருத்தர் வயித்துல அடிச்சீங்க பாருங்க, அதுல என் கையும் சேந்து போச்சு. எனக்கு அதுதான் ஆறல.

சரி, அப்படியே வெச்சுக்குவோம், நான் தப்பாவே புரிஞ்சுக்கிட்டேன். நீங்களே எழுதியிருக்கீங்க, இதோ ரெண்டாவது பத்தி. மாணவர்கள் திடீரென வெளியேறியதால் உற்பத்தி முழுவதும் நின்று நிறுவனத்துக்குப் பெரும் இழப்பு. லைன் நின்னு போச்சாம்! சார், நான் சாதாரண வாத்தியார், எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. கத்துக்க வந்தவன் எழுந்து போனா வேலை எப்படி நிக்கும்? நீச்சல் கத்துக்க வந்த பிள்ளை கரை ஏறிட்டா குளம் வத்திப் போயிடுமா? லைன் நின்னுதுன்னா அவங்க கத்துக்க வந்தவங்க இல்ல, உங்க வேலைக்காரங்க. வேலைக்காரங்கன்னா அதுக்கான சம்பளம், லீவு, எல்லாம் எங்க? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கப் பாத்து, நீங்களே அதை டைப் பண்ணி எடுத்துட்டு வந்திருக்கீங்க. இந்தப் பேப்பரை நான் திருப்பிக் குடுக்கப் போறதில்ல. பத்திரமா வெச்சுக்கப் போறேன்.

பிள்ளைங்க வாழ்க்கையா? அதுக்குத்தான் வரேன். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு, கோவிச்சுக்காதீங்க. பட்டம் குடுக்கறது பல்கலைக்கழகம், நீங்க இல்ல. நேத்து அங்க போய் வெயில்ல நின்னு கேட்டுட்டு வந்துட்டேன். துறை சார்ந்த வேலையா இருக்கணும், கத்துக்குடுக்க ஒரு ஆள் இருக்கணும், காலேஜ் மேற்பார்வை இருக்கணும், இடம் பெரிசா சின்னதான்னு எங்கயும் சொல்லலயாம். பிரின்சிபால் ஒப்புதல் போட்டா போதும்.

இடமும் பாத்துட்டேன். முப்பது பேருக்கும். ஆஸ்பத்திரில மெஷின் ரிப்பேர் பண்ற ரூம் ஒண்ணு இருக்கு, ஜன்னல்கூட கிடையாது, அங்க நாலு பேர். காது கேக்கற கருவி சரி பண்ற கடை ஒண்ணு, அந்தக் கடைக்காரர் பேச்சுத் தாங்க முடியாது, ஆனா கத்துக்குடுக்காம விட மாட்டாரு. மூணு பேர் லிஃப்ட் பராமரிக்கறவங்களோட சுத்தறாங்க. அவங்கள்ல ஒருத்தன் நேத்து போன் பண்ணி, மேடம், பாதி வழில நின்ன லிஃப்ட்டை நான் எறக்கினேன் மேடம், உள்ள ஒரு தாத்தா இருந்தாரு, வெளில வந்து என்னைத் திட்டிட்டே போனாருங்கறான். அவ்ளோ சந்தோஷம் அவனுக்கு. எனக்கு இது போதும்.

இனி பிரின்சிபால் பேனாதான் பாக்கி. திறக்கறாரு, மூடறாரு. நீங்க காலேஜுக்கு லேப் கட்டிக் குடுத்திருக்கீங்க, வாசல்ல உங்க பேரு பளபளன்னு இருக்கு, அவரும் பாவம் என்ன பண்ணுவாரு. ஆனா நான் சொல்லிட்டேன் அவர்கிட்ட. சார், நீங்க போடலன்னா முப்பது பெத்தவங்களையும் உங்க ரூமுக்குக் கூட்டிட்டு வருவேன், அந்தப் பெயின்டர் முன்னாடி நிப்பாரு, என்கிட்ட சொன்ன சரியை உங்ககிட்ட சொல்லட்டும்னு. அதுக்கப்புறந்தான் இப்படி நடக்க ஆரம்பிச்சாரு.

என்னையா? என்கிட்ட இருந்து இந்தப் பொறுப்பை எடுத்துடுவாங்க. எடுக்கட்டுமே. எடுத்துட்டா சனிக்கிழமை என் வீட்டுக்காரரோட நிம்மதியா காய்கறி வாங்கப் போவேன், அவரும் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காரு. அடுத்து வர்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போவேன், உங்க கம்பெனிக்குப் போனா சமையலறை வழியாப் போங்கன்னு.

ம்? எதுக்கு அவ்ளோ அவசரம்னா? நியாயமான கேள்விதான். லாக்கரைப் பாத்துட்டு நான் நேரா உங்க ரூமுக்கு வர்றதாத்தான் இருந்தேன். சண்டை போடலாம், எழுத்துல கேக்கலாம், மாசக் கடைசில மாத்தலாம், அப்படித்தான் நெனச்சேன். போற வழில லைனை எட்டிப் பாத்தேன். எல்லாப் பிள்ளையும் உக்காந்து குனிஞ்சு வேலை செய்யுது, ஒரே ஒரு பொண்ணு மட்டும் நின்னுட்டே செய்யறா. நாற்காலி பக்கத்துலயே இருக்கு. சூப்பர்வைசர் கத்தறாரு, உக்காந்து செய்யி, உக்காந்து செய்யின்னு. அவ உக்கார மாட்டேங்கறா. பயந்த சுபாவம் சார் அவ, கிளாஸ்ல பேர் கூப்பிட்டாலே வேர்த்துடும். என்னம்மான்னேன். நாற்காலில ஒரு சின்ன மெத்தை கட்டியிருந்துச்சு. நீலக் கட்டம் போட்டது. அதைத் தொட்டுட்டு, மேடம், இது என் ஸ்கூல் பாவாடைன்னா.

ஆமா. அவ அம்மா உங்க லைன்ல பதினோரு வருஷம். முதுகு வலிக்குதுன்னு பொண்ணோட பழைய பாவாடையை வெட்டி மெத்தை தெச்சு நாற்காலில கட்டியிருக்காங்க. வேலை போனதை வீட்டுல சொல்லல. பொண்ணுக்கு அதே கம்பெனில பயிற்சின்னதும் சிரிச்சுக்கிட்டே, நல்லா கத்துக்கோ, என்னை ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கற யூனிட்டுக்கு மாத்திட்டாங்க, இல்லன்னா ஒண்ணாவே போயிருக்கலாம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. இன்னமும் தினம் காலைல சாப்பாட்டைக் கட்டிக்கிட்டு வேலைக்குன்னு கிளம்பறாங்களாம். எங்க போறாங்கன்னு தெரியல. பொண்ணும் கேக்கல. தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கல.

பேரா? அது உங்களுக்கு எதுக்கு? முப்பது பேர்ல ஒருத்தி, வெச்சுக்கோங்க.

அப்பவே பஸ்ஸை வரச் சொல்லிட்டேன். மெத்தையை அவதான் அவுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பஸ்ல ஏறினா. வீட்டுக்குக் கொண்டு போக முடியாதுல்ல, அம்மா பாத்துடுவாங்க. அதான் என் ரூம்லயே போட்டு வெச்சிருக்கேன். இப்ப உங்களுக்குக் கீழ இருக்கறதுதான் சார்.

ஏன் எழுந்துட்டீங்க? உக்காருங்க.