மாமனார் காலி செய்த மரவீடு

அமெரிக்காவின் எடிசன் நகரில் ஒரு மளிகைக் கடை, பில் போடும் வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "நானூறு ஐநூறு வருஷமா நிக்கிற வீட்ட எங்க மாமனார் ஒரே சத்தத்துல காலி பண்ண வச்சிட்டார்டி."

"எங்க?"

"இங்கிலாந்துல. ஊர்லேருந்து அவரக் கூட்டிட்டு இங்க வர்ற வழியில ஒரு பழைய மரவீட்ட டூர் பண்ணோம். உத்தரமெல்லாம் கோணல், தரை சாயுது, மாடி ரோட்டுப் பக்கம் துருத்திக்கிட்டு நிக்குது. இவர் ரிடயர்டு சிவில் இன்ஜினியர் இல்லையா, 'கீழ தூணே இல்ல, எல்லாரும் வெளிய ஓடுங்க'ன்னு கத்திட்டார். மொத்த குரூப்பும் ஓடிடுச்சு."

"கைடு?"

"அந்தம்மாதான் முதல்ல ஓடினாங்க. அப்புறம் மூச்சு வாங்கிட்டு சொல்றாங்க, மாடிய வேணும்னேதான் அப்படி நீட்டிக் கட்டினாங்களாம். ஆணிக்குப் பதிலா மர முளை அடிச்சிருக்காம், வளையுமாம், விழாதாம். இவர் நம்பல. மர வீட்டுல மனுஷன் தூங்குவானாங்கறார்."

தோழி சிரித்தாள். "இந்த ஊர்ல உங்க வீடும் உள்ள மரம்தானேடி! சுவரத் தட்டினாலே தெரியுமே."

"ஷ்! அவர் காதுல விழப்போகுது. கொத்தமல்லி எடுக்கப் போயிருக்கார்."

கொத்தமல்லிக் கட்டோடு பின்னால் வந்து நின்றிருந்த பெரியவர் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, வந்ததுலேருந்து நான் மரத்து மேலயா தூங்கிட்டிருக்கேன்?"