பலகை வேகனுக்கு ஒரு வாளி தண்ணீர்

கட்டணப் புத்தகத்தில் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை.

இதைச் சொன்னவர் ஒரு கூட்ஸ் ஷெட் குமாஸ்தா. சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. ரயிலில் ஏறக்கூடிய அத்தனைக்கும் அதில் கட்டணம் உண்டு. மாட்டுக்கு உண்டு, கூட வரும் கன்றுக்கு அதில் பாதி. மரம் வேகனைவிட நீளமாக இருந்தால், அது நீட்டிக்கொண்டு போகும் காலி வேகனுக்கும் சேர்த்து உண்டு. வழியில் செத்துப்போன ஆட்டுக்கும் முழுக் கட்டணம்தான். ஏறும்போது அது உயிரோடு இருந்ததல்லவா.

"பேய்னு ஒண்ணு இருந்திருந்தா இவங்க சும்மா விட்டிருப்பாங்களா? தலைக்கு இவ்வளவுன்னு போட்டிருப்பாங்க. போடல. அப்ப இல்ல," என்பார்.

இவர் நம் நண்பன் ஒருவனுடைய சித்தப்பா. நண்பன் வாயைத் திறந்தால் புளுகு. சித்தப்பாவுக்கு அந்தத் திறமை கிடையாது. இதில் பயப்பட வேண்டிய விஷயமே அதுதான்... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காரலாம்.

இரவு மணி பதினொன்று பத்து. நிலக்கரி எஞ்சின் காலம். ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி ஷெட். நடுவில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு மண் பாதை. விளக்கு கிடையாது. வீடு கிடையாது.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வருகிறார். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இல்லையென்றால் மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். சித்திக்கு எட்டாம் மாதம். நான்கு ஸ்டேஷன் தள்ளித் தனியாக இருந்தாள். முதல் பிள்ளை பிறந்து, அழாமலே போனபோது சித்தப்பா ஏதோ ஒரு ஷெட்டில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அன்றைக்கு இரண்டு வேகன். ஒன்றில் பதினெட்டுக் காளைகள். விதிப்படி அதற்கு ஒரு ஆள் இலவசம், ஒரு வாளி தண்ணீர். மாட்டுக்காரர் அப்போதே வைக்கோலில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்று மூடிய வேகன். அறுத்த பலகை, இருநூற்றுப் பன்னிரண்டு. சித்தப்பாவே நின்று எண்ணினார்.

வேகன்களைக் கோத்துவிடுகிறவருக்கு ஷெட்டில் 'கொக்கி' என்று பெயர். வந்த நாளிலிருந்து அவருக்கும் சித்தப்பாவுக்கும் ஆகாது. கொக்கி ஒரு வாளி தண்ணீரைத் தூக்கி வந்து, பலகை வேகனுக்குள் வைத்தார்.

"யோவ். அது பலகை."

"தெரியுது."

"பலகை தண்ணி குடிக்குமா?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவரும் வச்சாரு. அவருக்கு முன்னாடி இருந்தவரும் வச்சாரு. பதிவேட்டுல, கூடச் செல்பவர் ஒருவர்னு எழுதுவாங்க."

"அதான் ரெண்டு பேரும் இங்கேயே கிடந்து ரிட்டயர் ஆனாங்க. புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டு."

கொக்கி வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாட்டுக்காரன். வேகனுக்கு ஒரு ஆள்தான்னு இவனை இறக்கிவிட்டாங்க. மாட்டை விட்டுட்டுப் போக மனசில்ல. யாருக்கும் தெரியாம பலகை வேகன்ல பூந்துட்டான். சீல் வச்சாச்சு. நாலு நாள். நின்ன இடத்துல எல்லாம் தட்டியிருக்கான். சீல் வச்ச வேகனைப் போய்ச் சேர்ற ஊர்லதான் பிரிக்கணுமாம், புத்தகத்துல இருக்காம். பிரிச்சுட்டு என்ன எழுதுனாங்க தெரியுமா? பலகை சரி, குறைவு இல்லை."

"சரியாத்தானே எழுதியிருக்காங்க," என்றார் சித்தப்பா.

வாளியை எடுத்துக் கொக்கியின் காலடியில் கவிழ்த்தார். கொஞ்சம் வேகனின் கதவடியிலும் சிந்தியது. கொக்கி காலைக்கூட நகர்த்தவில்லை.

"சீலை நீங்களே வைங்க." தன் லாந்தரை எடுத்துக்கொண்டு மண் பாதையில் இறங்கிப் போய்விட்டார்.

சித்தப்பா கதவை இழுத்துச் சாத்தினார். கம்பி கோத்து, ஈயத்தை வைத்துக் குறட்டால் நெரித்தார். நறுக். பதிவேட்டில் சீல் எண்ணை எழுதினார். கூடச் செல்பவர் என்ற இடத்தில் ஒரு கோடு. மை காய்ந்தது.

முதலில் வந்தது வாடை. ஈர வைக்கோலும் மாட்டு வியர்வையும். காற்று மாட்டு வேகன் பக்கமிருந்து வரவில்லை.

பிறகு... "த்ச்... த்ச்..."

மிரண்ட மாட்டை அமர்த்த நாக்கைத் தட்டுவார்களே, அது. மாட்டுக்காரர்தான் என்று சித்தப்பா எட்டிப் பார்த்தார். அவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆனால் பதினெட்டுக் காளைகளும் அசைபோடுவதை நிறுத்தியிருந்தன. பதினெட்டுத் தலைகளும் பலகை வேகன் பக்கம் திரும்பியிருந்தன.

டொக். டொக். டொக்.

தாழ்வாக. விரல் முட்டியால். மூன்று. கொஞ்சம் இடைவெளி... மறுபடி மூன்று.

"யாரு?"

தட்டுவது நின்றது. வேறொரு சத்தம் தொடங்கியது. சரக்... சரக்... சித்தப்பாவுக்குப் புரியச் சற்று நேரமானது. கதவடியில் சிந்தியிருந்த ஈரத்தை உள்ளேயிருந்து யாரோ நக்கிக்கொண்டிருந்தார்கள். ஈரம் தீர்ந்த பிறகும் நாக்கு நிற்கவில்லை. காய்ந்த மரத்தில் போய்க்கொண்டே இருந்தது.

மறுபடி தட்டல். இந்தத் தடவை இரண்டு. அப்புறம் ஒன்று.

தூரத்தில் எஞ்சின் ஊதியது. சீலை வெட்டினால் எண் மாறும். எண் மாறினால் அடித்தல். அடித்தல் என்றால் மாற்றல் இல்லை. சித்தி மறுபடியும் தனியாக. வெட்டாவிட்டால்... உள்ளே நிஜமாகவே ஒருவன் இருந்தால்?

வெட்டினார்.

கதவைத் திறந்து விளக்கைத் தூக்கிப் பிடித்தார். கதவோரம் வாளி வைக்கிற இடம் தவிர, தரையிலிருந்து கூரை வரை பலகை. ஒரு கை நுழைய இடமில்லை. ஆள் இல்லை. சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தார்.

அடுக்கின் நட்டநடுவில், பலகைக்கும் பலகைக்கும் இடையே... டொக்.

சித்தப்பா பதிவேட்டை எடுத்தார். பழைய சீல் எண்ணை அடித்தார். கோட்டை அடித்து, 'ஒருவர்' என்று எழுதினார். கட்டணம் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. 'இலவசம்' என்று எழுதினார்.

குழாயடிக்குப் போய் வாளியை நிரப்பி வந்து கதவோரம் வைத்தார்.

"எடுத்துக்குங்க," என்றார். அந்த ஷெட்டில் அவர் ஒருவரிடம் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

விளக்கு அணைந்தது. இருட்டில் குடிக்கும் சத்தம் கேட்டது. நடுவில் மூச்சு விடாமல், நீளமாக. அது நின்றதும், சித்தப்பாவின் காதுக்கு வெகு அருகில், மிரண்ட மாட்டைச் சமாதானப்படுத்துகிற மாதிரி...

"த்ச்... த்ச்..."

சித்தப்பா கையால் துழாவி வாளியைத் தூக்கிப் பார்த்தார். காலி.

இன்னொரு வாளி பிடிக்கப் போனார்.