ரைதென் விமானத்தின் தொப்பை

இந்தத் தேநீர் பரவாயில்லை, ஐயா. எங்கள் ஷிஸுவோகா இலைதானே, எந்த அலுவலகத்தில் போட்டாலும் கெட்டுப்போக வழியில்லை. நீங்களும் குடியுங்கள். நான் சொல்லப்போவது பெரிய கதை இல்லை.

என் பெயர் இனாகாகி. பல் செட் செய்யும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவன். மெழுகிலும் பிளாஸ்டரிலும் பழகிய கை வீட்டில் சும்மா இருக்குமா? பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறவர்கள் சங்கத்தில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் சமூகக் கூடத்தின் மாடியில் கூடுவோம். உண்மையைச் சொன்னால், அங்கே ஒட்டுவது குறைவு, காத்திருப்பது அதிகம். அடுத்து எந்த விமானத்தின் பெட்டி வரும், எப்போது வரும், எந்த அளவில் வரும்? அந்தப் பேச்சிலேயே தேநீர் ஆறிவிடும்.

போன வருடத்து மே மாதக் கண்காட்சியில் எங்கள் ஊர் நிறுவனம் ஒன்று ரைதெனை அறிவித்தது. போர்க்காலத்தில், உயரப் பறந்து வரும் குண்டுவீச்சு விமானங்களை வழிமறிக்கக் கட்டிய சண்டை விமானம் அது. மூக்கிலிருந்தே பருத்து, நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி இருக்கும். அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு, முழுக்கப் புதிய அச்சு என்று சுவரொட்டி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் எங்கள் நுமாதா நின்ற நிற்பு இன்னும் எனக்குக் கண்ணில் இருக்கிறது. டாக்ஸி ஓட்டியவர். பார்வையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அழிகிற நோய் வந்து, உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தவர். சுவரொட்டியைப் பார்க்கக் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்பினால்தான் அவருக்கு ஏதோ தெரியும்.

"இலையுதிர் காலத்துல வருதாம்ல? அதுவரைக்கும் இந்தக் கண்ணு தாங்கும்யா. இது ஒண்ண மட்டும் ஒட்டி முடிச்சிட்டேன்னா போதும், அப்புறம் கடைய சாத்திக்கலாம்" என்றார்.

இதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா. நான் செய்தது எல்லாம் அந்தக் கண்ணுக்காக.

இலையுதிர் காலம் வந்தது. ரைதென் வரவில்லை. காரணம் ககுதா.

ககுதா எங்கள் சங்கத்தில் மூத்தவர், கப்பல் கட்டும் தளத்தில் வரைபடம் போட்டவர். உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ரைதென் கலிஃபோர்னியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சொந்தக் காசில் அங்கே போய், அனுமதி வாங்கி, அதன் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்து அளவெடுத்து வந்தவர் அவர். அதனால் நிறுவனம் ஒவ்வொரு முறை அச்சு வெட்டும்போதும் முதல் பிரதியை அவருக்குத்தான் அனுப்பும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு ஒரே தீர்ப்பு.

"தொப்ப சரியில்ல."

அவர்கள் மறுபடி வெட்டுவார்கள், மறுபடி அனுப்புவார்கள்.

"இப்பவும் சரியில்ல. இது கர்ப்பம் இல்லடா, அஜீரணம்" என்பார். எல்லாரும் சிரிப்போம்.

ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேஜையைத் துடைத்து, பிறகு துடைத்ததையே துடைத்தேன். கரும்பச்சையும் சாம்பலுமாகச் சாயம் வாங்கினேன். விமானியின் இருக்கைக்கு உலோகத் தகட்டில் வெட்டிய குட்டி பெல்ட் வாங்கினேன். பிள்ளை பெறுமுன் பேர் வைத்தவன் கதை என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். கடைக்காரர் என்னைத் தெருமுனையில் கண்டதுமே இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். திரும்பி வருவேன். வீட்டில் சைக்கிளை நிறுத்துகிறபோதே, ஒருவேளை நான் கிளம்பிய பிறகு வந்திருக்குமோ என்று தோன்றும். சோறு இறங்கவில்லை. எதைத் தொட்டாலும் பாதியில் எழுந்துவிடுவேன்.

அதற்குள் நுமாதா, சாயக் குப்பிகளை என்னிடம் நீட்டி எது பச்சை என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார். நான் ககுதாவிடம் பேசிப் பார்த்தேன்.

"அண்ணே, நுமாதாவோட கண்ணக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. ஒரு மில்லிமீட்டர் முன்னப்பின்ன இருந்தா என்ன குடியா முழுகிடும்?"

"கண்ணு போறவனுக்குக் கடைசியா தப்பான ஒண்ணயா காட்டுறது? அவன் பாக்குறது சரியா இருக்கட்டும்டா" என்றார்.

நியாயமான பதில்தான். அதைக் கேட்டதிலிருந்துதான் அவர்மேல் எனக்கு வெறுப்பு வந்தது.

ககுதாவுக்கு முந்தைய மழைக்காலத்தில் லேசான பக்கவாதம் வந்து போயிருந்தது. தொண்டையில் இடப்பக்கம் சரியாக வேலை செய்யாது. மகள் சிஸுரு தினமும் வந்து எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுப்பாள். மோச்சியை மட்டும் தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இடித்த அரிசிக் கட்டி தொண்டையில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் எத்தனை முதியவர்கள் போகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மோச்சி இல்லாத புத்தாண்டா என்று அவர் புலம்பியதும் தெருவுக்கே தெரியும்.

புத்தாண்டு விடுமுறையில் சிஸுரு மாமியார் வீட்டுக்குப் போன அன்று பகலில் அவரைப் பார்க்கப் போனேன். மோச்சி கொண்டுபோனேன். வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை, பாருங்கள்.

மேஜைமேல் புதிய பிரதி இருந்தது. தொப்பையில் பென்சிலால் குறி போட்டிருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவ வெட்டச் சொல்லணும். லீவு முடிஞ்சதும் போன் போடுறேன்" என்றார். பேசும்போது பல் செட் லொடலொடவென்று ஆடியது. நான் செய்து கொடுத்த செட் அது. வியாதியில் கன்னம் வற்றிவிட்டதால் பிடிப்பு போயிருந்தது.

"கழட்டிக் குடுங்கண்ணே, சரிபண்ணித் தரேன். அதுக்குள்ள நீங்க சூடா சாப்பிடுங்க" என்றேன்.

மோச்சியைச் சுட்டு சூப்பில் போட்டு முன்னால் வைத்தேன். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சிஸுரு இருந்தா இதக் கத்தியால பொடி பண்ணிருப்பா."

"புதுவருஷ மோச்சி மேல கத்தி வைக்கலாமா? அதும் மெல்லாமலே இறங்கிடும், அவ்ளோ மெத்துன்னு இருக்கு."

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதடா" என்று பல்லில்லாமல் சிரித்தார்.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அரத்தை எடுத்தேன். எப்போதும் பையில் இருக்கும். முதல் துண்டு இறங்கியது. இரண்டாவது இறங்கவில்லை. கிண்ணம் உருண்டது. என் பக்கம் கையை நீட்டினார். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஐயா. முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஓங்கித் தட்ட வேண்டும். வேலை பார்த்த இடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் செட்டின் இடது ஓரம் இன்னும் முடியவில்லை. வேலையைப் பாதியில் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஓரத்தைத் தேய்த்து, உள்பக்கம் பசை பூசி, கழுவி, வெளிச்சத்தில் பார்த்தபோது அறை அமைதியாக இருந்தது.

விமானத்தின் தொப்பையில் இருந்த பென்சில் குறிகளை ஈரத்துணியால் துடைத்தேன். பிறகு பல் செட்டை அவர் வாயில் பொருத்தினேன். அசையாமல் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அப்போது என் குரல் நடுங்கியது நடிப்பில்லை.

இறுதிச் சடங்குக்கு நிறுவனத்துக்காரர் வந்திருந்தார். ஊதுபத்தி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். "அந்தப் பிரதியப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"தொப்ப இப்பதான் சரியா வந்திருக்குன்னு சொன்னார்" என்றேன்.

பக்கத்தில் நின்ற சிஸுரு அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "எங்கப்பாவா? அம்மா வச்ச சூப்பையே ஒருநாளும் சரின்னு சொன்னதில்லையே அந்த மனுஷன்."

அதோடு போயிருக்கும். பெட்டியில் பூ வைக்கும்போது அவள் குனிந்து அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, அப்பாவுக்குப் பல்லு எவ்ளோ அழகா உக்காந்திருக்கு பாருங்க. ஆடிக்கிட்டே இருந்துச்சே. எப்ப சரிபண்ணீங்க?"

ஆயுள் முழுக்கப் பல் செட் செய்திருக்கிறேன், ஐயா. வாங்கிப் போனவர்கள் குறை சொல்லத்தான் திரும்பி வருவார்கள். அழகாக இருக்கிறது என்று யாரும் வந்து சொன்னதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அன்னிக்குத்தாம்மா. அவர் சாப்பிட்டுக்கிட்டிருந்தப்பவே முடிச்சிட்டேன்" என்றேன்.

பூ வைத்த கை நின்றது. அப்பா பல் இல்லாமல் எப்படி மோச்சி தின்றார், பல் செட்டைக் கையில் வைத்திருந்தவன் அப்போது எங்கே இருந்தான் என்று நினைத்து நினைத்து, உங்களிடம் வர அவளுக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. மோச்சி வைத்துக் கொன்றவன் நான்தான். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

ரைதென் இந்த மே மாதம் வந்துவிட்டது. கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். எனக்கு ஒன்று, நுமாதாவுக்கு ஒன்று. என் அறையைச் சோதித்த உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள், அடுக்கின் உச்சியில் அந்த இரண்டும்தான். கூரை வரைக்கும் இத்தனை பெட்டி இருக்கிறதே, ஒன்றின் உறைகூடப் பிரிக்கவில்லையே என்று ஒருவர் கேட்டாராம். எங்கள் சங்கத்து ஆட்களிடம் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். வாங்குவது ஒன்று, ஒட்டுவது வேறு.

நுமாதா தினமும் போன் செய்கிறார். "வந்துருச்சாமே, எனக்கு எடுத்து வச்சியா? ஓரத்துல இன்னும் கொஞ்சம் வெளிச்சம் தெரியுதுய்யா" என்கிறார். எடுத்து வைத்திருக்கிறேன் என்கிறேன். அவரிடம் கொடுத்தால் அன்றைக்கே பிரித்துவிடுவார். பிரித்துவிட்டால் அப்புறம் எதற்குக் காத்திருப்பது? கொடுத்துவிடலாம், ஐயா. அவருக்கு அப்படி என்ன அவசரம்.