ஐந்து கணினிகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டவர்

பெயர் நாகேஸ்வரி மகேந்திரராஜா. வயது எழுபத்து நான்கு. கணவரை இழந்தவர். வசிப்பது மெல்பேர்ண் நகரின் ரோவில் பகுதியில். சம்பவம் நடந்தது 2012ஆம் ஆண்டு.

நான் கன்னியர் மடப் பாடசாலையில் ஆங்கிலத்தில் படித்தவள். பொலிஸாருக்குத் தரும் இந்த வாக்குமூலத்துக்கு மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தேவையில்லை. ஆனால் அன்று பேசப்பட்டவை தமிழில் பேசப்பட்டன. அந்தச் சொற்கள் மாறக்கூடாது என்பதால் இதைத் தமிழில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

என் மகள் வசந்தினியின் கணவர் ஆனந்தராஜா, நோயாளிகள் இணையத்தில் நேரம் பதிவுசெய்யும் தளங்களை மருத்துவ நிலையங்களுக்குச் செய்துகொடுக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறார். அலுவலகத்தில் இடம் போதாதென்று, என்னைக் கேளாமலே ஐந்து கணினிகளை என் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தார். என் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் விஜிதரன் அவரிடம் வேலை செய்கிறார். விஜிதரன் அகதியாகப் படகில் வந்தவர், தற்காலிக விசாவில் இருப்பவர். தளத்தைப் பரிசோதிப்பது அவர் வேலை. அவர் எழுதி வைத்தபடி, யாரும் தொடாமலே கணினி தளத்தைத் திறந்து, பொய்ப் பெயர்களைப் பதிந்து, பின் அழித்துப் பார்க்கும். இதற்கென்று தளத்தின் பிரதி ஒன்று தனியாக இருந்தது. பரிசோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் பகல் முழுவதும் செல்லும் என்பதால், ஐந்து கணினிகளிலும் ஒரே நேரத்தில் ஓடவேண்டும் என்று ஆனந்தராஜா சொல்லியிருந்தார்.

சம்பவ தினம் பிற்பகல் அவர் சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தார். மறுநாள் ஒரு மருத்துவ நிலையத்தாருக்கு வேலையைக் காட்டவேண்டும் என்றார். ஐந்தும் சேர்ந்து ஓடியதைப் பிரதித் தளம் தாங்காமல் நின்றுபோனது. அதன் பின்னர், நிலையத்தின் உண்மையான தளத்திலேயே ஓட்டும்படி சொன்னார். நான் அதே அறையில் கதிரையில் இருந்து வெண்டிக்காய் அரிந்துகொண்டிருந்தேன்.

விஜிதரன், "வேண்டாம் அண்ணை. ஒவ்வொண்டும் தொடங்கேக்கை இருக்கிற பதிவெல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் தொடங்கும். அங்கை இருக்கிறது உண்மையான ஆக்கள்" என்றார்.

ஆனந்தராஜா, "கப்பலிலை வந்தவர் எனக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கிறார். எழும்பும்" என்றார்.

அதன் பின்னர் விஜிதரன் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். ஆனந்தராஜா அவர் எழுந்த கதிரையில் அமர்ந்து, நிலையத்தின் கடவுச்சொல்லைத் தன் கையாலேயே தட்டினார். ஐந்து திரைகளிலும் பெயர்கள் வரிசை வரிசையாக மறைந்தன. விஜிதரன் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த மின்சார வயர்களைப் பிடுங்கினார். "ஆர் உன்னைப் பிடுங்கச் சொன்னது?" என்று ஆனந்தராஜா கேட்டார். வயர்களைப் பிடுங்குமுன்பே திரைகளில் ஒரு பெயரும் மிஞ்சியிருக்கவில்லை.

மறுநாள் நோயாளிகள் பலர் பெயர் இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்றும், அவர்களில் ஒருவர் இருதயப் பரிசோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர் என்றும், விஜிதரனைக் கொண்டுபோக வந்த பொலிஸ் அலுவலர்கள் சொன்னார்கள். இதை நான் நேரில் காணவில்லை. வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகச் சொன்ன ஆத்திரத்தில் விஜிதரன் வேண்டுமென்றே அழித்ததாக ஆனந்தராஜா முறையிட்டிருக்கிறார் என்பதையும் அவர்களிடமே அறிந்தேன். குற்றம் பதிவானால் விஜிதரனின் விசா போய்விடும்.

அதன் பின்னர் ஆனந்தராஜாவும் என் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"மாமி, ஒண்டும் பாக்கேல்லை எண்டு சொன்னால் போதும். எனக்குக் குடும்பம் இருக்கு. அவனுக்கு ஆர் இருக்கினம்?" என்றார்.

"சாட்சி இருக்கு" என்றேன்.

என் மகள், "அம்மா, பேரப்பிள்ளையளை யோசியுங்கோ" என்றாள். யோசித்துத்தான் பேசுகிறேன் என்று சொல்லி, கணினிகளை அன்றே என் மேசையிலிருந்து எடுக்கச் சொன்னேன். எனக்கு மறதி என்று வெளியில் சொல்லவேண்டி வரும் என்று ஆனந்தராஜா வாசலில் நின்று சொன்னார். சொல்லட்டும்.

இது வாசித்துக் காட்டப்பட்டபோது, ஆனந்தராஜா தவறுதலாகச் செய்திருக்கலாம் என்று ஒரு வசனம் சேர்க்க விருப்பமா என்று அலுவலர் கேட்டார். அழித்தது அவசரத்தில் நடந்திருக்கலாம், எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தூக்கி இன்னொருவன் தலையில் போட்டது தவறுதல் அல்ல, அதையும் எழுதுங்கள் என்றேன். இரண்டும் எழுதப்பட்டன.

நான் கண்டதையும் கேட்டதையும் தவிர இதில் வேறொன்றும் இல்லை. இவை உண்மை. நீதிமன்றத்தில் மருமகன் முன்னிலையிலும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்) நாகேஸ்வரி மகேந்திரராஜா