நூறில் ஒன்பது பேர்

நடக்கத் தெரிந்த பிள்ளைதான் தொல்லை, டாக்டரம்மா. தொட்டிலில் கிடக்கிற பிள்ளை அழும், நனைக்கும், பால் கேட்கும், அவ்வளவுதான். பிள்ளைக் காம்பரா என்று நாங்கள் சொல்லும் எஸ்டேட் காப்பகத்தில் நான் நெடுங்காலமாக ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் என்னை நம்பித்தான் பிள்ளைகளை விட்டுப் போகிறார்கள். கதவைத் தாண்டினால் தேயிலைச் சரிவு, கீழே ஓடை, மூடுபனி இறங்கினால் சிறுத்தை. அதனால் நடக்கப் பழகிய பிள்ளையின் இடுப்பில் பழைய சேலைத் துண்டைச் சுற்றித் தொட்டில் காலோடு கட்டி வைப்பேன். என் பொறுப்பில் இருந்த ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை. இந்தப் பாலாமணி கவனக்குறைவான பெண்பிள்ளை இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

என் மகன் சரத் கம்ப்யூட்டர் கணிப்புப்படி நடக்கவில்லை, முதுகில் வைத்த கம்பி மறைப்பதால் ஸ்கேனிலும் காரணம் தெரியவில்லை, முதுகை மறுபடி திறந்துதான் பார்க்க வேண்டும் என்று போனில் சொன்னீர்கள். வேண்டாம். அவன் முதுகுக்குள் கோளாறு எதுவும் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

தேயிலைக்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக் மரங்களில் இடுப்பில் கயிறு கட்டி ஏறி, மழைக்கு முன் கிளை கழிப்பது சரத்தின் வேலை. அவன் அப்பா செல்லையாவுக்கும் அதே வேலைதான். அவர் விழுந்தபோது கொழுந்துச் சாக்கைப் போட்டு மூடித் தூக்கி வந்தார்கள். சாக்கை விலக்கிப் பார்த்தவள் நான். சரத் விழுந்தபோது உயிர் இருந்தது. கோயம்புத்தூரில் நீங்கள் ஆபரேசன் செய்து கம்பி வைத்தீர்கள். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டீர்கள்.

"இவனாட்டம் ஆபரேசன் ஆன ஆயிரக்கணக்கான பேரோட ஸ்கேன், வயசு, கால்ல இருக்கற உணர்ச்சி எல்லாத்தையும் கம்ப்யூட்டர் படிச்சு வச்சிருக்குதுங்கம்மா. அது கணக்குப்படி சரத் நடக்கறதுக்கு நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு வாய்ப்பு. பயிற்சிய மட்டும் விடாமச் செய்யோணும். சந்தோசந்தானுங்களே?"

சந்தோசம் என்றேன். நான் கையெடுத்துக் கும்பிட்டதை நீங்கள் நன்றி என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அன்று காலையில்தான் மரவேலைக் காண்ட்ராக்டர் சிவகுரு ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்து போயிருந்தார். "டேய் தம்பி, உனக்குத்தான் இரும்புல முதுகு போட்டாச்சே. இனி மரம் சாஞ்சாலும் நீ சாயமாட்டே. வெரசா எந்திரி," என்றார். சரத் சிரித்தான். "என் கயித்த வேற எவனுக்கும் குடுத்துராதீங்கண்ணே."

மரத்திலிருந்து விழுந்த பிள்ளை மறுபடியும் மரத்தைத்தான் கேட்கிறது.

நான் வராந்தாவிலிருந்து திரும்பியதும், "கம்ப்யூட்டர் எத்தனை குடுத்துச்சும்மா?" என்றான்.

"ஒம்பது சாமி."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. நூறில் ஒன்பது பேர் நடப்பதில்லை என்பதும் உங்கள் கணக்குத்தானே. நான் அந்த ஒன்பது பேரைப் பற்றி மட்டும் சொன்னேன். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அழுகிற பிள்ளை அழுது ஓயும் என்பது எனக்குத் தெரியும். உட்கார்ந்திருந்தேன்.

எஸ்டேட்டில் எங்கள் லைன் வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சி கொடுக்க மனோகரன் ஜீப்பில் வருவார். கம்ப்யூட்டர் சொன்ன எண்ணைச் சொல்லிவிடாதீர்கள், பையன் அசட்டையாக இருந்துவிடுவான் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். "ஏனுங்க்கா, காலு நல்லாத்தான் இருக்குது. பையனுக்குத்தான் மனசு வரமாட்டேங்குது. நாலு திட்டுத் திட்டுங்க," என்பார். அவர் வராத நாட்களில் பயிற்சி என் பொறுப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து போனில் வரும் கேள்விகளுக்கு, 'செய்தான்' என்றே பட்டனை அழுத்தினேன். அவன் செய்யவில்லை. வலி மாத்திரையை வலி இல்லாத வேளையிலும் கொடுத்தேன். தூங்கினான். நீங்கள் குழம்பியது இதனால்தான்.

ஒரு மத்தியானம் அவனுக்குச் சோறு போடக் காப்பகத்திலிருந்து வந்தேன். சரத் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கால் வெடவெடவென்று ஆடியது. முகமெல்லாம் பல்.

"ம்மா, இங்க பாருங்க. அந்த ஒம்பது பேர்ல நானும் ஒருத்தன்."

ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. சாக்கை விலக்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

"நிக்காத சாமி. நின்னா முதுகுக் கம்பி முறிஞ்சு நரம்ப அறுத்துரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்புறம் கையும் வராது, பேச்சும் வராது. நீ பயந்துருவேன்னுதான் மறைச்சேன்," என்றேன்.

தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவதுபோல, தன் உடம்பைத் தானே மெதுவாகக் கட்டிலில் இறக்கினான்.

அன்றிலிருந்து அவனுக்குத் தன் காலைப் பார்த்தாலே பயம். மனோகரன் வந்தால், "இன்னிக்கு வேண்டாங்க சார்," என்று கையெடுத்துக் கும்பிடுகிறான். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொள்கிறான். தூக்கத்தில் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிடுவோமோ என்ற நினைப்பு அவனை விடுவதில்லை. "ம்மா, கட்டிட்டுப் போங்க," என்று அவனாகவே கேட்கிறான். காப்பகத்துச் சேலைத் துண்டுதான். இடுப்பில் ஒரு சுற்று, கட்டில் காலில் ஒரு முடிச்சு. நான் இறுக்கிக் கட்டுவதில்லை.

அவனுடைய கயிற்றைச் சிவகுரு வேறொரு பையனிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பையனின் அம்மாவைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கொழுந்து பறிக்கிறாள். நான் அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று எந்த நேரமும் எனக்குத் தெரியும்.

ஆகவே கத்தி வேண்டாம், டாக்டரம்மா. மயக்க ஊசி போட்ட சில பேர் கண் விழிப்பதில்லை என்று அன்று கையெழுத்து வாங்கும்போது நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தச் சில பேரை நான் மறக்கவில்லை. உங்கள் கம்ப்யூட்டர் சரியாகத்தான் சொன்னது, அதைத் திருத்த வேண்டியதில்லை. சரத்தை நடக்கவிடாமல் செய்தது நான்தான். போலீசுக்குச் சொல்வதென்றால் சொல்லுங்கள், கூப்பிட்டால் வருகிறேன். நான் இல்லாதபோது அவனைக் கட்டிவிட ஓர் ஆளை மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.

தொண்ணூற்றொன்று என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை பயந்துவிடும்.