சர்க்கார் பணத்துச் சீர்

அந்தச் சீர்த்தட்ட உள்ள கொண்டாராதீங்கண்ணா. வாசல்லயே இருக்கட்டும். நீங்க வாங்க, கட்டல்ல உக்காருங்க. கூடப் பொறந்தவர நிக்க வெச்சுப் பேசற அளவுக்குப் பங்காரம்மா இன்னும் கெட்டுப் போகலீங்க.

நாளைக்கு எம் புள்ள கோமளாவுக்குக் காதுகுத்துன்னு பட்டும் தோடுமா வந்திருக்கறீங்க. சந்தோசமுங்க. எந்தப் பணத்துல வாங்குனீங்க? அட, தேங்கா வித்த பணமுங்களா! மெதுவாப் பேசுங்க, தொண்டாமுத்தூரே சிரிக்கும்.

கோவப்படாம என்ன பண்றதுங்க? ஏந் தோட்டத்து நேந்திரன் வாழ, கொல தள்ளி, அடுத்த மாசம் வெட்டற பதத்துல நின்னுச்சு. கோமளா அப்பா செத்ததுக்கப்பறம் நானே தண்ணி கட்டி, நானே முட்டுக் குடுத்து வளத்துனது. அந்தப் பேய்க்காத்துல ஒண்ணு பாக்கியில்லாமச் சாஞ்சு போச்சு. வரப்புக்கு அந்தப் பக்கம் உங்க தென்னைல ஒரு மட்டயாச்சும் உழுந்துதுங்களா? சொல்லுங்க பாக்கலாம்.

பட்டா உங்க பேருலதானுங்க இருக்குது, நா இல்லைங்கலியே. அப்பன் சாகறப்ப இந்தத் துண்டு அம்மிணிக்குன்னு சொன்னதக் கேட்டுட்டு நீங்களுந்தானுங்க பக்கத்துல நின்னீங்க. பட்டா மாத்தறதுக்கு என்ன அவசரம், அண்ணன் நா இருக்கறனல்லோன்னீங்க. நம்புனனுங்க. எம் புத்தியச் செருப்புல அடிக்கோணும்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டரு சேதாரம் பாக்க வர்ற அன்னிக்கு என்னுங்க சொன்னீங்க? சாஞ்ச காய அழுக உடாத அம்மிணி, வண்டியேத்திக் கோயமுத்தூருக்குக் கொண்டுட்டுப் போ, சர்க்காரு ஆள நா பாத்துக்கறேன்னீங்க. நல்லாப் பாத்துக்கிட்டீங்க! ஏந் தோட்டத்துல நின்னுட்டு, ஏம் பொழப்பே போச்சுங்க சாமின்னு துண்டுல கண்ணத் தொடச்சீங்களாமா. நா முத்தாத அரக்காய்க் கொலைய அவனுக கேட்ட வெலைக்கே தள்ளிப்போட்டு ஊடு வந்து சேர்றதுக்குள்ள, நீங்க நிவாரணத்துக்கு உங்க பேர எழுதி முடிச்சுப்போட்டீங்க. எரியற ஊட்டுல புடுங்குனது லாபமுங்களா? அதும் தங்கச்சி ஊட்டுல?

இப்ப உங்க கெணத்து மேல புது மோட்டாரு ஓடுது. கன்னு வாங்கி நடறதுக்கு வழியில்லாம ஏந் தோட்டம் கருவேலம் மொளச்சுக் கெடக்குது. ராத்திரி அந்த மோட்டாரு சத்தம் கேக்கறப்ப வயிறு எரியுதுங்கண்ணா.

சர்க்காரு குடுத்த பணத்துல பாதி குடுத்தர்றீங்களா? இத்தன நாளாக் காணோமே அந்த நெனப்ப? தாய்மாமன் மடில உக்கார வெக்காமக் காது குத்தமாட்டாங்க, எப்பிடியும் இவ நம்ம கால்லதான் வந்து உழோணும்னு இருந்தீங்க. உங்க மடி இல்லீன்னா சபைல தலகுனிஞ்சு நிக்கோணும்னு நெனச்சீங்க, இல்லீங்களா?

பட்டக் கோமளாகிட்டக் காட்டறீங்களா? வேண்டாமுங்க, எழுப்பாதீங்க. காது வலிக்குதுன்னு அழுதுட்டு இப்பத்தான் கண்ணசந்தா.

ஆமாங்க, குத்தியாச்சு. காலைலயே பேரூருக்குக் கூட்டிட்டுப் போயி, ஏம் மடிலயே உக்கார வெச்சுக் குத்திப்போட்டனுங்க. ஆசாரிதான் ஒத்துக்கல. கம்பியக் கைல வெச்சுட்டு, தாய்மாமன் எங்கம்மான்னு கேட்டாரு. வாழத்தோட்டம் சாஞ்ச காத்துலயே அவரும் செத்துப் போயிட்டாருங்கன்னு சொல்லிப்போட்டேன்.